ஓடைக்கு மேலே மரம் வெட்டப் போகிறார்கள்: தண்ணீரை எப்போது, எங்கே அளப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கூட்னி மலைப்பகுதியில் குடியேறி மூன்று வருடம் ஆகிறது. முப்பது சொச்சம் வீடுகள் சேர்ந்து ஒரு மலை ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். ஓடைக்கு மேலே உள்ள சரிவில் அடுத்த ஆண்டு மரம் வெட்டப் போகிறார்களாம். "மாதம் ஒரு முறை தண்ணீர் எடுத்து லேபுக்கு அனுப்பலாம் என்று கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். போதுமா? எதையெல்லாம் சோதிக்கச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

போதாது. நானும் ஒரு காலத்தில் இதே தப்பைத்தான் செய்தேன். எங்கள் ஓடையில் இரண்டு வருடம், மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய் ஒரு பாட்டில் பிடித்து வருவேன். இருபத்து நான்கு பாட்டிலும் பளிங்கு மாதிரி இருந்தன. அதே இரண்டு வருடமும் வசந்த காலத்தில் நான்கைந்து நாள் வீட்டுக் குழாயில் டீ நிறத்தில் தண்ணீர் வந்தது ஊருக்கே தெரியும். காகிதத்தில் மட்டும் அது ஏறவில்லை. கடைசியில் ஒரு கூட்டத்தில், ஓடை ஒன்றும் கெடவில்லை என்பதற்கு எங்கள் காகிதத்தையே எடுத்து மரம் வெட்டும் தரப்பினர் எங்களிடம் காட்டினார்கள்.

மலை ஓடை வருடம் முழுக்கச் சேற்றைச் சுமப்பதில்லை. ஒரு வருடத்தில் அது கொண்டுவரும் வண்டலில் பெரும்பகுதி சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்தில் வந்துவிடும். உங்கள் உள்நாட்டுப் பகுதியில் அது ஏப்ரல் முதல் ஜூன் வரையான பனி உருகும் காலம். கடலோரமாக இருந்தால் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அடிக்கும் மழை, அதிலும் கிடக்கிற பனியின் மேல் மழை விழும் நாட்கள். அந்த நாட்களிலும் நேரம் முக்கியம். மேலே பனி மதியத்தில் உருகும். அந்தத் தண்ணீர் உங்கள் குழாய்வாய்க்கு, அதாவது ஓடையில் நீங்கள் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு, வந்துசேர மாலையோ இரவோ ஆகிவிடும். மே மாதத்தில் காலை பத்து மணிக்குப் போகிறவர், ஓடை அன்றைய வேலையை முடித்துவிட்டு ஓய்ந்திருக்கும்போதுதான் போய்ப் பார்க்கிறார். இன்னொன்று, தண்ணீர் மட்டம் ஏறும்போது வருகிற கலங்கலும் அதே மட்டத்துக்கு இறங்கும்போது வருகிற கலங்கலும் ஒன்றல்ல. ஏறும்போதுதான் கரையிலும் பாதையோரத்திலும் கிடந்ததையெல்லாம் ஓடை முதலில் வழித்துக்கொண்டு வரும். அதனால் மழை நின்ற மறுநாள் எடுக்கும் பாட்டிலை நம்பாதீர்கள்.

எனவே மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். அமைதியான காலத்தில் எப்போதாவது ஒன்று எடுத்தால் போதும். மிச்சப் பணத்தையும் உழைப்பையும் ஓடை கலங்கும் அந்தச் சில வாரங்களில் கொட்டுங்கள். மாகாணத்தின் நீர்த்தர வழிகாட்டுதலில் நீண்டகாலச் சராசரியைக் கணக்கிட 30 நாளில் குறைந்தது 5 மாதிரிகள் கேட்கிறார்கள். வசந்தத்தில் அப்படி ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. அதற்கு மேல், தண்ணீர் மட்டம் ஏறும்போதெல்லாம் ஓடிப்போய் எடுப்பது தனி.

சரி, எதை அளப்பது? முதலிடம் கலங்கலுக்குத்தான். இதை என்.டி.யு. என்ற அலகில் சொல்வார்கள். தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி, மிதக்கும் துகள்கள் அதை எவ்வளவு சிதறடிக்கின்றன என்று பார்ப்பது, அவ்வளவுதான். சேறு கலந்த தண்ணீர் பார்க்க அசிங்கம் என்பது சின்ன விஷயம். துகள்களுக்குப் பின்னால் கிருமிகள் ஒளிந்துகொள்ளும், குளோரின் அவற்றை எட்டாது. புற ஊதா விளக்கு வைத்திருந்தால் அதன் ஒளியும் ஊடுருவாது. ஓடை, ஏரித் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பவர்களுக்கு இந்த மாகாணத்தில் 4-3-2-1-0 என்று ஒரு இலக்கு உண்டு. வைரஸில் நான்கு மடக்கைக் குறைப்பு, அதாவது பத்தாயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சலாம். வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணிகளான ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் இரண்டிலும் மூன்று மடக்கை. இரண்டு வகைச் சுத்திகரிப்பு. கலங்கல் 1 என்.டி.யு.வுக்கு மேல் போகக் கூடாது, மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாகாணத்தின் உட்பகுதியில் பொதுமக்களுக்குச் சொல்லும் கணக்கு இன்னும் எளிது: 1-க்குக் கீழே நல்லது, 1 முதல் 5 வரை சுமார், 5-ஐத் தாண்டினால் மோசம்.

நீர்வாழ் உயிர்களுக்கான கலங்கல் வரம்பையும் பாருங்கள். ஓடை தெளிவாக ஓடும் காலத்தில், இயல்பு நிலையைவிட 24 மணி நேரத்துக்கு 8 என்.டி.யு.வுக்கு மேலோ, 30 நாள் சராசரியில் 2 என்.டி.யு.வுக்கு மேலோ கூடக் கூடாது. "இயல்பு நிலையைவிட" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஓடையின் இயல்பு நிலை என்ன என்று உங்களிடம் எண் இல்லையென்றால் இந்த வரம்பை எடுத்துப் பேசவே முடியாது. மரம் வெட்டிய பிறகு அளக்கத் தொடங்குவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. உங்களுக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு வசந்தம். அதைத் தவறவிட்டால் பிறகு எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை.

ஒரு வருடத்து முன்கணக்கும் போதாதுதான், ஏனென்றால் வருடத்துக்கு வருடம் பனி மாறும். அதற்கு ஒரு மாற்று வழி, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஓடையைத் தேர்ந்தெடுப்பது. பக்கத்துப் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய அதே அளவு, அதே பக்கம் பார்த்த சரிவு, அதே மாதிரி மண், மேலே எந்த வெட்டும் நடக்கப் போவதில்லை என்று தெரிந்த ஓடை. இரண்டையும் ஒரே நாளில் அளக்க வேண்டும். பெரிய மழையில் இரண்டும் கலங்கினால் அது மழையின் வேலை. முன்பு சேர்ந்தே கலங்கிச் சேர்ந்தே தெளிந்தவை, வெட்டுக்குப் பிறகு உங்களுடையது மட்டும் கூடுதலாகக் கலங்கி, தெளிய இரண்டு நாள் அதிகம் எடுத்துக்கொண்டால், அப்போது பேச்சுக்கு இடம் இருக்கிறது.

இதை முறையாகச் செய்த இடங்கள் இந்த மாகாணத்திலேயே உண்டு. பென்டிக்டன் ஊருக்கு மேலே உள்ள ஆய்வுப் பகுதியில் 1984-இல் அளக்கத் தொடங்கினார்கள். 240 என்ற எண்ணுள்ள ஓடையை வெட்டாமல் ஒப்பீட்டுக்கு விட்டுவிட்டு, அருகே 241-ஐயும் டென்னிஸ் ஓடையையும் பல வருடம் வெறுமனே அளந்த பிறகே, 1990-களில் வெட்ட விட்டார்கள். வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் கார்னேஷன் ஓடையில் 1970 வாக்கில் ஆரம்பித்தார்கள். மரம் வெட்டியது 1976 முதல் 1981 வரை. அங்கே கிடைத்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். வெட்டிய பிறகு குளிர்காலத் தண்ணீர் கொஞ்சம் சூடானது. கோஹோ சால்மன் குஞ்சுகள் வழக்கத்தைவிடச் சில வாரம் முன்பே சரளைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டன. முதலில் நன்றாகத்தான் வளர்ந்தன. பிறகு கடலுக்கும் சீக்கிரமே போயின, அங்கே பிழைத்தவை குறைந்தன. கோடையில் மட்டும் வெப்பமானியைப் போட்டிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கலங்கல் எல்லாவற்றையும் மரவெட்டின் தலையில் கட்டிவிட ஆசை வரும். வான்கூவர் பெருநகரத்துக்குக் குடிநீர் வடிந்துவரும் மலைச்சரிவுகளில், அதாவது அதன் நீர்ப்பிடிப்புகளில், மரம் வெட்டுவது 1999-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இருந்தும் 2006 நவம்பர் நடுவில் கொட்டிய மழையில் நீர்த்தேக்கங்கள் கலங்கி, சுமார் 20 லட்சம் பேருக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். காபிக் கடைகளில் காபி கிடைக்கவில்லை. பாட்டில் தண்ணீருக்குத் தள்ளுமுள்ளு. அந்தச் சரிவுகளில் பனியாறுகள் விட்டுப்போன நுண்ணிய வண்டல் இயற்கையாகவே உண்டு, கரை சரிந்தால் நாள்கணக்கில் தெளியாது. வான்கூவர் தீவின் கோமாக்ஸ் பள்ளத்தாக்கிலும் 2014 டிசம்பர் புயலுக்குப் பிறகு பல வாரம் கொதிக்கவைக்கும் அறிவிப்பு நீடித்தது. அங்கே நீர்ப்பிடிப்பில் ஒரு பெரிய பகுதி தனியார் காட்டு நிலம். மண்ணா மரவெட்டா என்று அங்கே நிறையவே விவாதித்தார்கள். கடைசியில் வடிகட்டும் நிலையம் கட்டி 2021-இல் திறந்தார்கள், மக்கள் பணத்தில். அதனால்தான் ஒப்பீட்டு ஓடை வேண்டும் என்கிறேன். இல்லாவிட்டால் "மழை பெய்தது, கலங்கியது" என்ற ஒரே வரியில் உங்கள் வாயை அடைத்துவிடலாம்.

அப்புறம் சாலை. இதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்க வேண்டும். மரம் வெட்டுவதைவிட, வெட்டிய மரத்தை லாரியில் இறக்கப் போடும் சாலைதான் ஓடைக்குச் சேறு ஊட்டும் முக்கிய வழி. சாலையோரப் பள்ளத்தில் ஓடும் மழைநீர், சரளைக்குள்ளிருந்து நுண்மண்ணைக் கழுவிக்கொண்டு, சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்திவிடும் கல்வர்ட் குழாயருகே நேராக ஓடைக்குள் விழும். நல்ல சாலையில் அந்தப் பள்ளத்துத் தண்ணீரை ஓடைக்கு முன்பே குறுக்குக் குழாய் போட்டுக் காட்டுக்குள் திருப்பிவிட்டிருப்பார்கள். இலைச் சருகில் பரவி, மண்ணை விட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் இறங்கும். மோசமான சாலையில் அரைக் கிலோமீட்டர் பள்ளம் முழுக்க ஒரே கல்வர்ட்டில் முடியும். மழை பெய்யும்போது குடையோடு அந்தச் சாலையில் ஒரு நடை நடந்தால், எந்தக் கருவியும் சொல்லாததை உங்கள் கண் சொல்லிவிடும். மாகாண அரசின் மதிப்பீட்டாளர்களே இப்படித்தான் செய்கிறார்கள். சாலை ஓடையைக் கடக்கும் இடமான ஒவ்வொரு கடப்பிலும் நின்று, இங்கிருந்து வருடத்துக்கு எத்தனை கன மீட்டர் நுண்மண் ஓடைக்குள் போகும் என்று கணித்து, குறைவு, மிதம், அதிகம் என்று தரம் பிரிப்பார்கள்.

நீங்களும் ஒவ்வொரு கடப்புக்கும் ஒரு எண் கொடுங்கள். கடப்புக்குப் பத்து இருபது மீட்டர் மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில், ஐந்து நிமிட இடைவெளியில். முதலில் கீழே எடுங்கள். மேலே எடுக்கப்போய் நீங்களே கலக்கிவிட்ட சேற்றைப் பிறகு கீழே பிடித்துவந்தால் யாரைக் குற்றம் சொல்வது? மேலே 2, கீழே 40 என்று வந்தால் அதற்கு ஒப்பீட்டு ஓடையும் வேண்டாம், பத்து வருடத் தரவும் வேண்டாம். அந்தக் கல்வர்ட்டின் படம், தேதி, நேரம், இரண்டு எண்கள், இவ்வளவும் சேர்ந்தால் மறுவாரமே யாராவது வந்து பள்ளத்தைச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. வழக்குப் போடுவதற்காகத்தான் அளக்கிறோம் என்று நினைப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. சேறு நின்றால் போதும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலங்கலை அளக்கும் கையடக்க டர்பிடிட்டி மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், பக்கத்து நீர்ச் சங்கத்தோடு பங்குபோடலாம். கூடவே வரும், கலங்கல் அளவு முன்பே தெரிந்த தரத் திரவங்களை வைத்து அவ்வப்போது சரிபார்க்காவிட்டால் அது வெறும் பொம்மை. ஓடையில் ஆடாத ஒரு பாறையோரம் அளவுகோல் பலகை அடித்து, ஒவ்வொரு முறையும் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவையுங்கள். மட்டம் தெரியாத கலங்கல் எண்ணுக்குப் பாதி மதிப்புதான். தொடர்ந்து பதிவு செய்யும் கலங்கல் சென்சார் வைக்க முடிந்தால் இரவு ஏற்றம் முழுவதும் அகப்படும். ஆனால் அதன் கண்ணாடியில் பாசி படியும், இலை ஒட்டும், அது தெளிந்த தண்ணீரில் 300 என்று காட்டும். வாரம் ஒரு முறை போய்த் துடைக்க ஆள் இல்லையென்றால் வாங்க வேண்டாம். வெப்பநிலையைத் தானே பதிவுசெய்துகொள்ளும் லாகர் மலிவு, பொத்தான் அளவுதான். இரண்டு ஓடையிலும் ஒவ்வொன்று நிழலில் கட்டி வருடம் முழுக்க விட்டுவிடுங்கள்.

லேபுக்கு எதை அனுப்புவது? வெட்டுக்கு முன் ஒரே ஒரு முறை எல்லாவற்றையும் சோதியுங்கள்: உலோகங்கள், நைட்ரேட், பாஸ்பரஸ், நிறம், கரிமக் கார்பன், கார அமிலத்தன்மை, கடத்துதிறன். பிறகு ஒவ்வொரு முறையும் உலோகத்துக்குப் பணம் கட்டாதீர்கள். யாராவது கட்டாயம் டீசலும் களைக்கொல்லியும் சோதிக்கச் சொல்வார்கள். டீசல் கசிந்தால் மூக்கே சொல்லும், அன்றைக்கு எடுத்தனுப்பலாம். களைக்கொல்லி தெளிக்கப் போவதாக அறிவிப்பு வந்தால் அப்போது பார்க்கலாம். தொடர்ந்து பார்க்க வேண்டியவை மிதக்கும் திடப்பொருள், கரிமக் கார்பன், ஈ.கோலி மூன்றும். நீங்கள் குளோரின் போடுகிறீர்கள் என்றால் கரிமக் கார்பனை அலட்சியம் செய்யாதீர்கள். குளோரினோடு சேர்ந்து அது டிரைஹாலோமீத்தேன் என்ற வேண்டாத சேர்மங்களை உண்டாக்கும். கனடாவில் அதற்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு இருக்கிறது. ஈ.கோலி பாட்டில் கிருமி நீக்கியது, மற்ற பாட்டில்களைப்போல மூன்று முறை அலசக் கூடாது; ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடப் பாருங்கள்.

ஈ.கோலிக்கும் மரவெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். வெட்டிய இடத்தில் புல் முளைக்கும், போட்ட சாலை வழியே மாடுகள் ஏறும். மேய்ச்சல் உரிமை இங்கே அரசு நிலத்தில் சாதாரணம். 1996-இல் உங்கள் கூட்னிப் பக்கத்துக் கிரான்புரூக் நகரத்தில் கிரிப்டோஸ்போரிடியம் பரவி ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். வடிகட்டாத ஓடைத் தண்ணீர், மேலே நீர்ப்பிடிப்பில் மாடுகள். அந்தக் கிருமி குளோரினுக்கு அசையாது. உங்கள் பக்கத்தில் மேய்ச்சல் உண்டா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

பூச்சிகளையும் ஒரு முறை எண்ணலாம். கல்லுக்கடியில் வாழும் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ்ஃபிளை இளம்பூச்சிகள் நுண்மண் படிந்தால் முதலில் குறைபவை. கனடா அரசின் கேபின் என்ற திட்டத்தில் மூன்று நிமிடம் காலால் சரளையைக் கிளறி வலையில் பிடிக்கும் முறை இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். பாட்டில் ஒரு நொடியைத்தான் பிடிக்கும், பூச்சி பல மாதத்து நிலவரத்தைச் சொல்லும்.

சட்டத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் ஓடை "சமூக நீர்ப்பிடிப்பு" என்று முறைப்படி அறிவிக்கப்பட்டதா? மாகாணத்தில் அப்படி அறிவிக்கப்பட்டவை 400-க்கும் மேல். வெறும் தண்ணீர் உரிமம் மட்டும் வைத்திருக்கும் சின்ன ஓடைகள் அதில் சேராது, கூட்னியில் அப்படிப்பட்டவை ஏராளம். வித்தியாசம் பெரிது. அறிவிக்கப்பட்ட நீர்ப்பிடிப்பில், மீனே இல்லாத ஓடையையும் மீன் ஓடை போலவே வகைப்படுத்துகிறார்கள். 1.5 முதல் 5 மீட்டர் அகலமுள்ள ஓடைக்கு இரண்டு பக்கமும் 20 மீட்டர் மரம் தொடாத பட்டை கிடைக்கும். அறிவிக்கப்படாத, மீனில்லாத, 3 மீட்டருக்குள்ளான ஓடைக்கு அந்தக் கட்டாயப் பட்டை கிடையாது. காட்டு விதிகளில் தண்ணீரைக் காக்கும் நோக்கங்களோடு "மரம் கிடைப்பது தேவையின்றிக் குறையாத வகையில்" என்று ஒரு வால் ரொம்ப நாளாக ஒட்டிக்கொண்டிருந்தது. 2023-இல்தான் அதை எடுப்பதாக அறிவித்தார்கள். தனியார் காட்டு நிலத்துக்கு வேறு சட்டம். மேலே எங்கே வெட்டு, எங்கே சாலை என்பதைக் காட்டும் வரைபடங்கள் அரசின் இணையதளத்தில் 30 நாள் கருத்துக்கு வைக்கப்படும். அந்த 30 நாளுக்குள் உங்கள் குழாய்வாய் எங்கே இருக்கிறது என்பதையும், கையில் இருக்கிற எண்களையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சாலை போட்ட பிறகு சொல்வதைவிட, சாலைக் கோட்டை வரைபடத்தில் நூறு மீட்டர் தள்ளச் சொல்வது மலிவு.

எத்தனை வருடம் அளப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வெட்டிய மரத்தின் வேர் உடனே விடுவதில்லை. மெல்ல அழுகி, புதுக் கன்றுகளின் வேர் இன்னும் பிடிக்காத இடைக்காலத்தில், அதாவது மூன்றாம் வருடத்திலிருந்து பத்துப் பதினைந்தாம் வருடம் வரை, செங்குத்தான சரிவின் பிடி மிகவும் தளர்ந்திருக்கும். மண்சரிவுகள் அப்போதுதான் அதிகம். இரண்டு வருடம் அளந்து "ஒன்றும் ஆகவில்லை" என்று மூட்டைகட்டும் திட்டத்தை ஏற்காதீர்கள். முதல் நான்கு வருடம் தீவிரமாக, பிறகு வசந்தத்தில் மட்டும் என்று குறைத்துக்கொண்டு, விடாமல் தொடரலாம்.

கடைசியாக, வரும் வசந்தத்துக்கு யார் யார் என்ற பட்டியலை இந்தக் குளிர்காலத்திலேயே போட்டுவிடுங்கள். மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு ஓடைக்குப் போக மனசுள்ள ஆறேழு பேர் வேண்டும். பாட்டில்களில் முன்பே பெயர் ஒட்டி ஒரு பெட்டியில் கதவோரம் வையுங்கள். லாகரின் கடிகாரத்தை நடுவில் மாற்றாதீர்கள், மாற்றினால் பிறகு எந்த எண் எந்த மணிக்கு வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இருவர் இருவராகப் போங்கள், சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே போங்கள். பனி உருகும் மாதங்களில் புதுப்புல் தேடிக் கரடிகளும் அதே ஓடையோரம்தான் இறங்கும்.